சக்கரத்தின் சுற்றும் வண்டியின் வேகமும்

மோட்டார் வண்டியில் ஏறிச் செல்வோர் பலர். அதனை ஓட்டத் தெரிந்தோரும் பலர். ஆயினும், வண்டியின் முகப்பிலுள்ள வேகமானியின் முள் 80 என்றும் 90 என்றும் காட்டுகிறதே, அந்த எண் எவ்வாறு கிடைத்தது என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. வேகமானி சாலையைப் பார்ப்பதில்லை. கடந்த தூரத்தை நேராக அளப்பதுமில்லை. வண்டிக்குள் சுழலும் ஒரு தண்டு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்பது ஒன்றே அதற்குத் தெரியும். அந்தச் சுற்றைக் கிலோமீட்டராக மாற்றிக் காட்டுவது கணக்கு. அக்கணக்கிலுள்ள எண்களுள் ஒன்று மாறிவிட்டால், முள் காட்டும் வேகம் ஒன்றாகவும் வண்டி ஓடும் வேகம் வேறாகவும் ஆகிவிடும்.

இக்கணக்கைச் செய்வதற்கு உயர்ந்த கணித அறிவு வேண்டியதில்லை. பெருக்கல், வகுத்தல், விகிதம், வட்டத்தின் சுற்றளவு ஆகிய நான்கும் தெரிந்திருந்தால் போதும். தொடக்கப் பள்ளியின் மேல் வகுப்பு மாணவர்களும் இதனைச் செய்துவிடலாம். ஆயினும், இதன் பயன் பள்ளியோடு முடிந்துவிடுவதன்று. டயரை மாற்றுகின்ற ஒவ்வொருவரும், பழைய வண்டி வாங்குகின்ற ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய கணக்கு இது.

மிதிவண்டி காட்டும் வழி

மோட்டார் வண்டியின் உட்புறம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மிதிவண்டியிலோ எல்லாம் வெளியே இருக்கின்றன. ஆதலின், முதலில் மிதிவண்டியைக் கொண்டு விளங்கிக்கொள்ளுதல் எளிது.

மிதிகட்டைகளோடு சேர்ந்த முன் பற்சக்கரத்தில் 48 பற்கள் உள்ளன என்று கொள்வோம். பின் சக்கரத்தோடு சேர்ந்த சிறு பற்சக்கரத்தில் 18 பற்கள் உள்ளன. இரண்டையும் சங்கிலி இணைக்கின்றது. சங்கிலி நழுவுவதில்லை, முன்னால் ஒரு பல் நகர்ந்தால் பின்னாலும் ஒரு பல் நகர்ந்தே தீரும். எனவே, மிதி ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது 48 பற்கள் நகர்கின்றன; அதே நேரத்தில் பின்னாலும் 48 பற்கள் நகர வேண்டும். பின் பற்சக்கரத்திலோ 18 பற்களே உள்ளன. ஆகவே அது 48 ÷ 18, அஃதாவது ஏறத்தாழ 2.67 சுற்றுச் சுற்றுகின்றது.

பின் சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்றால், மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி 2.67 × 2.2 = 5.87 மீட்டர் முன்னேறும். நிமிடத்திற்கு 60 முறை மிதித்தால் நிமிடத்திற்கு 352 மீட்டர். ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 21 கிலோமீட்டர். மிதிவண்டியின் வேகம் கிடைத்துவிட்டது.

இங்கே மூன்று எண்களே வேலை செய்தன. ஒன்று, மிதி சுற்றும் வீதம். இரண்டு, பற்களின் விகிதம். மூன்று, சக்கரத்தின் சுற்றளவு. மோட்டார் வண்டியிலும் இம்மூன்றே உள்ளன. பற்களின் விகிதம் மட்டும் அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வருகின்றது.

எஞ்சினிலிருந்து சாலை வரை

எஞ்சினின் சுழல்தண்டு நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றுவது. அச்சுற்று அப்படியே சக்கரத்துக்குச் செல்வதில்லை. முதலில் கியர் பெட்டிக்குள் நுழைகின்றது. ஓட்டுநர் எந்தக் கியரில் போட்டிருக்கிறாரோ அதற்குரிய பற்சக்கர இணை அங்கே சுற்றைக் குறைக்கின்றது. பின்பு, சக்கரங்களின் அச்சுக்கு முன்னே உள்ள இன்னொரு பற்சக்கர இணை மறுபடியும் குறைக்கின்றது. பட்டறைக்காரர்கள் டிஃபரன்ஷியல் என்று வழங்கும் பெட்டிக்குள் இந்த இரண்டாம் இணை இருக்கின்றது. இதன் விகிதத்தை இறுதி விகிதம் எனலாம். கியரை மாற்றும்போது முதல் விகிதம் மாறும். இறுதி விகிதம் எப்போதும் மாறாது.

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் மிகுதியாகவும் உட்பக்கச் சக்கரம் குறைவாகவும் சுற்றும்படி செய்வதும் அப்பெட்டியின் வேலையே. ஆனால், இரண்டு சக்கரங்களின் சராசரிச் சுற்று மாறுவதில்லை. ஆகவே வேகக் கணக்கு அதனால் கெடுவதில்லை.

கியர் விகிதம் 2 என்றால், எஞ்சின் இரு முறை சுற்றினால் வெளிவரும் தண்டு ஒரு முறை சுற்றும். இறுதி விகிதம் 4 என்றால், அத்தண்டு நான்கு முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். இரண்டும் சேர்ந்தால் எஞ்சினின் எட்டுச் சுற்றுக்குச் சக்கரத்தின் ஒரு சுற்று. இங்கே விகிதங்களைக் கூட்டுதல் கூடாது, பெருக்குதல் வேண்டும். மாணவர்கள் தவறுவது பெரும்பாலும் இவ்விடத்திலேதான்.

இனி விதியைச் சொல்லிவிடலாம். எஞ்சின் நிமிடத்திற்குச் சுற்றும் எண்ணிக்கையை டயரின் சுற்றளவால் பெருக்குக. சுற்றளவு மீட்டரில் இருத்தல் வேண்டும். வந்ததை 0.06 என்னும் எண்ணால் பெருக்குக. அதனைக் கியர் விகிதம், இறுதி விகிதம் இரண்டின் பெருக்கத் தொகையால் வகுக்க. வருவது மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் வேகமாகும்.

0.06 எங்கிருந்து வந்தது? நிமிடத்தை மணியாக்க 60 ஆல் பெருக்க வேண்டும். மீட்டரைக் கிலோமீட்டராக்க 1,000 ஆல் வகுக்க வேண்டும். 60 ÷ 1,000 = 0.06. இதனை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. காரணம் தெரிந்தவர்க்கு மறக்காது.

ஒரு வண்டியின் கணக்கு

மோரிஸ் மைனர் என்னும் சிறு கார் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் நன்கு அறிமுகமானது. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலார் வகுத்த அவ்வண்டி 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்தது. பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் ஆங்கிலேயக் கார் அதுவே. 1956இல் 948 கன சென்டிமீட்டர் எஞ்சினோடு மைனர் 1000 என்னும் பெயரில் அது வந்தது. 1962இல் எஞ்சின் 1,098 கன சென்டிமீட்டராகப் பெரிதாக்கப்பட்டது. அவ்வண்டியின் பற்கணக்கு மிகத் தெளிவானது. ஆதலின் எடுத்துக்காட்டுக்கு ஏற்றது.

1,098 எஞ்சின் கொண்ட மைனருக்கு நான்கு முன் கியர்கள். விகிதங்கள் முறையே 3.628, 2.172, 1.412, 1.000. நான்காம் கியரில் எஞ்சினின் சுற்று குறையாமல் நேரே செல்கின்றது என்பதையே 1.000 காட்டுகின்றது. இறுதி இணையில் சிறு பற்சக்கரத்திற்கு 9 பற்கள். பெரிய பற்சக்கரத்திற்கு 38 பற்கள். எனவே இறுதி விகிதம் 38 ÷ 9 = 4.222.

சக்கரத்தின் இரும்பு வளையம் 14 அங்குலம். டயரோடு சேர்த்துத் தரையில் உருளும் சுற்றளவு 1.82 மீட்டர் என்று கொள்வோம். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுச் சுற்றுகின்றது.

3,000 × 1.82 × 0.06 = 327.6. இதனை 4.222 ஆல் வகுத்தால் 77.6. நான்காம் கியரில் வண்டியின் வேகம் மணிக்கு 77.6 கிலோமீட்டர், மைல் கணக்கில் சற்றேறக்குறைய 48.

மற்றக் கியர்களுக்கு முழுக் கணக்கையும் மீண்டும் செய்ய வேண்டியதில்லை. 77.6 என்பதை அந்தந்தக் கியரின் விகிதத்தால் வகுத்தால் போதும். மூன்றாம் கியரில் 55 கிலோமீட்டர். இரண்டாம் கியரில் 35.7, முதற் கியரில் 21.4. எஞ்சின் ஒன்றே, அதன் சுற்றும் ஒன்றே, கியர் மட்டும் மாறியதால் வேகம் நான்கு விதமாக வருகின்றது.

கணக்கைத் திருப்பியும் போடலாம். இதே வண்டி நான்காம் கியரில் மணிக்கு 90 கிலோமீட்டர் ஓட வேண்டுமானால் எஞ்சின் எத்தனை முறை சுற்ற வேண்டும்? 90 ஐ 77.6 ஆல் வகுத்து 3,000 ஆல் பெருக்கினால் 3,480 என்று விடை வரும்.

கியர் எதற்கு?

வேகத்தைக் குறைக்கும் முதற் கியர் எதற்கு, எப்போதும் நான்காம் கியரிலேயே ஓட்டினால் என்ன என்று மாணவர் கேட்கக் கூடும். நல்ல கேள்வியே அது.

பற்சக்கரம் சுற்றைக் குறைக்கும்போது சுழற்றும் விசையைப் பெருக்குகின்றது. வேகத்தில் இழப்பதை வலிமையில் பெறுகின்றோம். மைனரின் முதற் கியரில் 3.628 × 4.222 = 15.3. அஃதாவது, எஞ்சினின் சுழல்விசை உராய்வில் போகும் சிறு பங்கு நீங்கலாகப் பதினைந்து மடங்காகிச் சக்கரத்தை அடைகின்றது. நான்காம் கியரிலோ நான்கு மடங்கே. நின்ற வண்டியைக் கிளப்பவும், தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையைப் போன்ற ஏற்றத்தில் ஏறவும் பதினைந்து மடங்கு வேண்டும். சமதரையில் விரைந்து ஓட நான்கு மடங்கு போதும்.

இறங்கும்போதும் இதே கணக்குத்தான், ஆனால் தலைகீழாக. சிறு கியரில் இறங்கும் லாரியின் சக்கரம் ஒரு முறை சுற்றுவதற்கு எஞ்சின் பலமுறை சுற்றியாக வேண்டும். அவ்வாறு சுற்றுவதற்கு எஞ்சின் காட்டும் எதிர்ப்பே வண்டியைப் பிடித்து நிறுத்துகின்றது. பிரேக் சூடேறிச் செயலிழக்காமல் காப்பது அது. நீண்ட இறக்கங்களின் தலைப்பில் சிறு கியரில் செல்க என்று பலகை வைத்திருப்பதன் காரணம் இதுவே.

விகிதம் ஒன்றுக்குக் கீழேயும் வருவதுண்டு. வோக்ஸ்வேகன் 1200 காரில் நான்காம் கியரின் விகிதம் 0.89. அங்கே வெளிவரும் தண்டு எஞ்சினைவிட விரைவாகச் சுற்றும். ஆனால், அதன் இறுதி விகிதம் 4.375 ஆதலால் இரண்டையும் பெருக்கினால் 3.89 ஆகும். எனவே ஒரு விகிதத்தை மட்டும் பார்த்து வண்டியின் வேகத்தை முடிவு செய்தல் தவறு. பெருக்கத் தொகையையே பார்த்தல் வேண்டும்.

கணக்குச் சொல்லும் வேகம் எல்லாம் வண்டி எட்டிவிடும் வேகம் அன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். மைனரின் 1,098 எஞ்சின் 5,100 சுற்றில் தன் முழுத் திறனாகிய 48 குதிரைத் திறனைத் தரும். விதிப்படி கணக்கிட்டால் நான்காம் கியரில் மணிக்கு 132 கிலோமீட்டர் வரும். ஆனால் வண்டி ஓடியது 120 கிலோமீட்டரை ஒட்டியே. காற்றின் தடை அதற்கு மேல் விடவில்லை. கியர் கணக்கு, எஞ்சின் இத்தனை சுற்றினால் வேகம் இத்தனை என்று மட்டுமே சொல்லும். எஞ்சினால் அத்தனை சுற்றுச் சுற்ற முடியுமா என்று சொல்லாது.

இக்காலத்தில் பெருகிவிட்ட தானியங்கிக் கியர் வண்டிகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. அவற்றுட் பலவற்றில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் இடையே எண்ணெயின் வழியாக விசை செல்வதால் சிறிது நழுவல் ஏற்படும். அந்த இணைப்பு இறுகப் பூட்டிக்கொண்ட பிறகே விதி துல்லியமாகப் பொருந்தும்.

டயரில் எழுதிய எண்கள்

விதியிலுள்ள எண்களுள் விகிதங்கள் இரண்டும் பெட்டிக்குள் பூட்டிக் கிடப்பவை, எளிதில் மாறா. டயரின் சுற்றளவு மட்டும் வெளியே இருப்பது, தேய்வது, உரிமையாளர் தம் விருப்பம் போல மாற்றக் கூடியது. ஆகவே பிழை நுழையும் வாயில் பெரும்பாலும் இதுவே.

இன்றைய டயர்களின் பக்கத்தில் 185/65 R15 என்பது போன்ற ஒரு தொடர் அச்சிடப்பட்டிருக்கும். இதனைப் படிக்கத் தெரிந்தால் சுற்றளவைக் கணக்கிட்டுவிடலாம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச் சுவரின் உயரம். ஆனால் மில்லிமீட்டரில் அன்று, அகலத்தில் நூற்றுக்கு 65 பங்கு என்று பொருள். 15 என்பது உள்ளே இருக்கும் இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டரும் நூற்று விழுக்காடும் அங்குலமும் கலந்திருப்பதே இதனைப் பலருக்கும் புரியாததாக ஆக்கிவிட்டது.

பக்கச் சுவரின் உயரம் 185 × 0.65 = 120.25 மில்லிமீட்டர். வளையத்திற்கு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர். ஆகவே இரண்டால் பெருக்க 240.5. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர், எனவே வளையம் 15 × 25.4 = 381. இரண்டையும் கூட்டினால் டயரின் முழு விட்டம் 621.5 மில்லிமீட்டர். இதனை 3.1416 ஆல் பெருக்கினால் சுற்றளவு 1,952 மில்லிமீட்டர், அஃதாவது 1.95 மீட்டர்.

மேல் சுவரைக் கணக்கிட்டுக் கீழ்ச் சுவரை மறந்துவிடுவது இக்கணக்கில் அடிக்கடி நேரும் பிழை. கரும்பலகையில் சக்கரத்தை வரைந்து காட்டினால் அப்பிழை நேராது.

கணக்கும் சாலையும்

இங்கே ஒரு வேறுபாடு உண்டு. மேலே கிடைத்த 1.95 மீட்டர், பாரம் இன்றித் தொங்கும் டயரின் சுற்றளவு. வண்டியின் எடையைத் தாங்கும் டயர் தரையைத் தொடும் இடத்தில் சற்றே தட்டையாகிவிடுகின்றது. ஆதலால் ஒரு சுற்றுக்கு அது கடக்கும் தூரம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்குக் குறைகின்றது. இதனைக் கருதியே, விட்டத்தை 3.14 ஆல் பெருக்காமல் 3.05 ஆல் பெருக்கும் வழக்கம் பொறியியலாரிடம் உண்டு. அவ்வாறு பெருக்கினால் மேற்கண்ட டயர் ஒரு சுற்றுக்கு 1.90 மீட்டர் உருளும்.

வட்டத்தின் கணிதம் மாறிவிட்டது என்று மாணவர் மயங்குதல் கூடாது. வட்டத்திற்கு விகிதம் என்றும் 3.1416 தான். பாரம் ஏறிய டயர் முழு வட்டம் அன்று என்பதே கருத்து.

தேய்மானமும் கணக்கில் சேரும். புதிய டயரின் பள்ளம் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் உள்ளது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சட்டம் பொறுத்துக்கொள்ளும் குறைந்த ஆழம் 1.6 மில்லிமீட்டர். பள்ளம் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டம் 12 மில்லிமீட்டர் குறையும். 621.5இல் 12 என்பது நூற்றுக்கு இரண்டு பங்கு. தேய்ந்த டயர் சிறிய டயர்; ஒவ்வொரு சுற்றுக்கும் குறைந்த தூரமே செல்லும். ஆகவே வேகமானி உண்மையைவிடச் சற்று மிகுத்துக் காட்டும். இப்பிழையால் ஆபத்து இல்லை. ஆபத்து மறுபக்கப் பிழையிலே உள்ளது.

முள் குறைத்துக் காட்டும்போது

வேகமானி எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கே அறிதல் வேண்டும். பழைய வண்டிகளில் கியர் பெட்டியின் பின்புறத்திலிருந்து ஒரு கம்பி வடம் சுழன்றுகொண்டே முகப்புப் பலகை வரை வரும். அதன் நுனியில் ஒரு காந்தம். காந்தத்தைச் சூழ்ந்து அலுமினியக் கிண்ணம் ஒன்று. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்சுழல் தோன்றி அதனையும் உடன் இழுக்கும்; ஒரு மெல்லிய சுருள்வில் அதனைத் தடுக்கும். இழுப்பும் தடையும் சமப்படும் இடத்தில் முள் நிற்கும். ஓட்டோ ஷூல்ட்சே என்னும் ஜெர்மானியர் 1902இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இக்காலக் கார்களில் சக்கரத்தருகே உள்ள உணர்கருவிகள் சுற்றை எண்ணிச் சொல்ல, கணினி வேகத்தைக் கணக்கிடுகின்றது. கருவி எதுவாயினும் அடிப்படை ஒன்றே: எண்ணப்படுவது சுற்று; டயரின் சுற்றளவு இத்தனை என்று தொழிற்சாலையில் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டது. டயர் மாறினால் அது வேகமானிக்குத் தெரியாது.

185/65 R15 இருந்த இடத்தில் ஒருவர் 205/65 R15 டயரைப் போடுகிறார் என்று கொள்வோம். வளையமும் 15, நடுவிலுள்ள எண்ணும் 65. ஆகவே அகலம் மட்டுமே கூடியது, உயரம் மாறவில்லை என்று அவர் நினைக்கலாம். அது பிழை. 65 என்பது விழுக்காடு ஆதலால் அகலம் கூடும்போது உயரமும் கூடும். 205 × 0.65 = 133.25, இரண்டால் பெருக்க 266.5, 381 ஐக் கூட்ட 647.5 மில்லிமீட்டர். பழைய விட்டம் 621.5. புதிய டயர் நூற்றுக்கு 4.2 பங்கு பெரியது.

இனி, பழைய டயரோடு வேகமானி சரியாகக் காட்டியது என்று கொண்டால், முள் 90 காட்டும்போது வண்டி 93.8 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். முள் 110 காட்டும்போது உண்மை வேகம் 114.6. மலேசிய நெடுஞ்சாலையின் எல்லையாகிய 110 ஐயும், சிங்கப்பூர் விரைவுச் சாலைகளின் உயர் எல்லையாகிய 90 ஐயும் மீறாமல் ஓட்டுவதாக அவர் உறுதியாக நம்பிக்கொண்டே எல்லையைக் கடந்துவிடுவார்.

தண்டத் தொகையைவிடப் பெரியது ஒன்றும் உண்டு. பிரேக் பிடித்த பின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரம் வேகத்தைப் போல் அன்றி, வேகத்தின் இருபடியைப் போல் கூடும். 1.042 ஐ அதனாலேயே பெருக்கினால் 1.086. வேகம் நான்கு பங்கு கூடினால் நிறுத்தும் தூரம் எட்டுப் பங்குக்கு மேல் கூடுகின்றது. முன்னே செல்லும் வண்டிக்கும் தம் வண்டிக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியை ஓட்டுநர் முள்ளை நம்பியே மதிப்பிடுகிறார். அம்மதிப்பு குறைந்துவிடுகின்றது.

இக்காரணம் பற்றியே ஐக்கிய நாட்டு அவையின் வாகன விதிகளுள் 39ஆம் விதி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டுதல் கூடாது என்று வரையறுத்துள்ளது. சற்று மிகுத்துக் காட்ட இடமுண்டு. குறைத்துக் காட்ட இடமில்லை. தொழிற்சாலையார் பெரும்பாலும் சிறிது மிகுத்தே அமைப்பதால், டயர் சிறிதளவு பெரிதானாலும் அந்த இடைவெளி காப்பாற்றும். ஆனால் அது எத்தனை என்று அளந்து பார்க்காமல் அதனை நம்பியிருத்தல் அறிவுடைமை ஆகாது.

பழைய மைனர் வண்டிகளிலும் இதே பிழை வேறு வழியில் நுழைந்தது. 948 எஞ்சின் கொண்ட மைனரின் இறுதி இணை 41க்கு 9 பற்கள், விகிதம் 4.556. நெடுஞ்சாலையில் எஞ்சின் அமைதியாக ஓட வேண்டும் என்பதற்காகச் சிலர் 1,098 வண்டியின் 38க்கு 9 இணையை அதில் பொருத்துவர். எண்ணம் நல்லதே. 90 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ 275 சுற்றுக் குறைவாகச் சுற்றும். ஆனால், வேகமானியின் வடம் கியர் பெட்டியிலிருந்து புறப்படுகின்றது; இறுதி இணை அதற்குப் பின்னால் இருக்கின்றது. பின்னால் நடந்த மாற்றம் வேகமானிக்கு எட்டுவதில்லை. 41 ஐ 38 ஆல் வகுத்தால் 1.079. முள் 50 மைல் காட்டும்போது வண்டி 54 மைல் ஓடும். நிறுத்தும் தூரம் நூற்றுக்குப் பதினாறு பங்கு கூடிவிடும்.

அக்கால ஆங்கிலேய வேகமானிகளின் முகத்தில், சிறிய எழுத்தில் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு மைலுக்கு வடம் இத்தனை முறை சுற்றும் என்று கொண்டு இக்கருவி அமைக்கப்பட்டது என்பதே அதன் பொருள். இறுதி இணையை மாற்றுவோர் அதற்கேற்ற எண்ணுள்ள வேகமானியையும் மாற்றுதல் வேண்டும். பழைய வண்டியை வாங்குவோர் இதனைப் பார்த்துக் கேட்பது நன்று.

தூரக் கணக்கும் தவறும்

வேகமானியோடு தூரமானியும் அதே சுற்றைத்தான் எண்ணுகின்றது. ஆகவே அதுவும் தவறும். மேலே கண்ட பெரிய டயரோடு வண்டி உண்மையில் 500 கிலோமீட்டர் ஓடினால் தூரமானி 480 என்றே காட்டும். அப்பயணத்திற்கு 40 லிட்டர் பெட்ரோல் செலவானது என்று கொள்க. உண்மையில் லிட்டருக்கு 12.5 கிலோமீட்டர், தூரமானியை நம்பினால் லிட்டருக்கு 12 தான். டயர் மாற்றிய பின் பெட்ரோல் மிகுதியாகக் குடிக்கிறது என்று குறைப்படுவோர், முதலில் இந்தக் கணக்கைப் பார்த்தல் வேண்டும். அகலமான டயரால் செலவு சிறிது கூடுவதுண்டு. எனினும் குறையில் ஒரு பகுதி எஞ்சினில் இல்லை, எண்ணிக்கையில் உள்ளது.

வகுப்பறைக்கு ஏற்ற பயிற்சிகள்

இப்பாடத்தைச் செய்து காட்டுவதற்குக் கார் வேண்டியதில்லை. ஒரு மிதிவண்டியும், சுண்ணக்கட்டியும், அளவு நாடாவும் போதும். டயரில் ஒரு கோடும் தரையில் ஒரு கோடும் போட்டு, ஒரு மாணவர் மேலே அமர்ந்திருக்க, வண்டியைப் பத்துச் சுற்று நேராக உருட்டச் சொல்க. தரையில் அளந்த தூரத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு சுற்றின் தூரம் கிடைக்கும். ஒரே சுற்றை அளப்பதைவிட இது துல்லியமானது; அளப்பதில் நேரும் பிழையும் பத்தாக வகுபட்டுவிடுகின்றது. பின்பு விட்டத்தை அளந்து 22/7 ஆல் பெருக்கச் சொல்க. இரண்டு விடைகளும் சற்றே வேறுபடும். ஏன் என்று மாணவர்களையே கேட்க வேண்டும். பாரத்தால் டயர் தட்டையாவதை அவர்களே கண்டு சொல்வார்கள்.

அடுத்து, பற்களை எண்ணச் சொல்க. எண்ணத் தொடங்கிய பல்லில் சுண்ணக்கட்டியால் அடையாளம் வைக்காவிட்டால் எண்ணிக்கை ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றாக வரும். இச்சிறு அனுபவமும் ஒரு பாடமே.

வேகமானியைச் சோதிக்கவும் எளிய வழி ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர்க் கற்கள் நடப்பட்டுள்ளன. ஓட்டுநர் முள்ளை ஒரே எண்ணில் வைத்து ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல் வரை எத்தனை வினாடி ஆகின்றது என்று பார்த்தல் வேண்டும். ஓட்டுநர் இதனைத் தாமே செய்ய முயலுதல் கூடாது. 3,600 ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் உண்மை வேகம் வரும். சரியாக 40 வினாடி என்றால் வேகம் 90. முள் 90 காட்டியும் 38.4 வினாடியே ஆனால் உண்மை வேகம் 93.75, முள் குறைத்துக் காட்டுகின்றது என்பது தெளிவு. இன்று கைப்பேசியும் செயற்கைக்கோளின் துணையால் வேகத்தைக் காட்டுகின்றது. அது சக்கரத்தை எண்ணுவதன்று. ஆதலின் டயரை மாற்றினாலும் மாறாது. முள்ளோடு ஒப்பிட அதுவும் நல்ல சாட்சி.

டயரை மாற்றுவதன் முன் செய்ய வேண்டியது இவ்வளவே: பழைய விட்டத்தையும் புதிய விட்டத்தையும் கணக்கிட்டு, புதியதைப் பழையதால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். விடை ஒன்றைவிடக் குறைந்தால் முள் மிகுத்துக் காட்டும். ஒன்றைவிட மிகுந்தால் குறைத்துக் காட்டும். எத்தனை பங்கு மிகுகிறதோ அத்தனை பங்கு வேகமும் கூடும். கடையில் நின்றபடியே ஒரு துண்டுக் காகிதத்தில் இதனைச் செய்துவிடலாம்.

விகிதமும் சுற்றளவும் தேர்வுக்காக மட்டும் படிக்கும் பாடங்கள் என்று எண்ணும் மாணவர்கள் உண்டு. அவர்களுள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் சாலைக்கு வருவார்கள். வண்டியின் முள் ஒரு கணக்கின் விடை என்பதையும், அக்கணக்கிலுள்ள எண்கள் மாறக் கூடும் என்பதையும் அவர்கள் பள்ளியிலேயே அறிந்து வருவார்களானால், அவர்களுக்கும் அவர்களோடு சாலையைப் பகிர்ந்துகொள்வோர்க்கும் அது நன்மை தரும்.